முழங்காலும் ரத்த ஓட்டமும்

"ரத்த ஓட்டத்தைப் பற்றி எழுதுங்கள்" என்று கேட்டு இரண்டு மாத காலமாகக் கடிதங்கள் வந்தவண்ணம் இருக்கின்றன. திருநெல்வேலியிலிருந்து எழுதும் நேயர் ஒருவர், தம் தாயாரின் மூட்டு வலிக்காக மின்சாரத்தில் இயங்கும் பாய் ஒன்றை வாங்கலாமா என்று கேட்கிறார். கோயமுத்தூரிலிருந்து ஓர் அம்மாள், பாதங்களை வைத்தால் கிடுகிடுவென்று ஆட்டிக் கொடுக்கும் யந்திரம் ஒன்றைத் தம் கணவர் வாங்கி வந்துவிட்டதாகவும், அதில் தாம் காலை வைக்கலாமா, அல்லது வாங்கி வந்தவரையே வைக்கச் சொல்லலாமா என்றும் வினவுகிறார். "நாற்பது வயதுக்கு மேல் எல்லாருக்கும் ரத்தம் மெதுவாகத்தான் ஓடுமாமே, மெய்யா?" என்று ஒரே வரியில் கேட்டு ஒரு கார்டு வந்திருக்கிறது. இத்தனை பேருக்கும் உடனே பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் என் சோம்பல் அல்ல, வெட்கம். அந்தக் கதையையும் இன்று சொல்லிவிடுகிறேன்.

கும்பகோணத்தில் என் அக்கா குடியிருக்கும் வீட்டுக்கு அடுத்த வீதியில், முன்பு ஜவுளிக் கடையாக இருந்த ஒரு கூடம் உண்டு. சில வருஷங்களுக்கு முன்பு அங்கே ஒரு ரத்த ஓட்டச் சிகிச்சை நிலையம் வந்து சேர்ந்தது. காலை ஆறரை மணிக்கே வாசலில் செருப்புகள் குவிந்துவிடும். உள்ளே வரிசையாகப் படுக்கைகள். படுத்துக் கொண்டால் முதுகெலும்பின் வழியே சூடான உருளைகள் ஏறி இறங்கும். வேறு சிலர் மின்காந்தத் துடிப்பு எழுப்பும் பாய்களின்மேல் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பார்கள். கட்டணம் கிடையாது. ஒலிபெருக்கியைக் கையில் பிடித்த வாலிபர் ஒருவர், "ரத்தம் ஓடினால் நோய் ஓடும், ரத்தம் நின்றால் நோய் நிற்கும்!" என்று சொல்லுவார். எல்லாரும் கை தட்டுவார்கள். அக்காவைப் பார்க்கப் போயிருந்த நானும் ஒரு நாள் கூடவே போய், மற்றவர்களோடு சேர்ந்து கை தட்டினேன்.

உண்மையைச் சொல்ல வேண்டுமானால் அந்த இடம் எனக்குப் பிடித்திருந்தது. அங்கே வேலை செய்யும் பிள்ளைகள் ஒவ்வொரு கிழவியையும் பெயர் தெரிந்து அழைத்தார்கள். "ராத்திரி தூங்கினீர்களா, அம்மா?" என்று கேட்டார்கள். வயதானவர்கள் எத்தனை பேருக்கு வீட்டில் அந்தக் கேள்வி கிடைக்கிறது? முக்கால் மணி நேரம் வெதுவெதுப்பான படுக்கையில் கிடந்து, பக்கத்துப் படுக்கைக்காரியோடு மருமகளைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு எழுந்தால், யாருக்குத்தான் உடம்பு லேசாக இராது?

அக்காவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. அதற்கு முந்திய மார்கழியில் அவளுக்கு வியாதி ஆரம்பித்தது. விடியற்காலையில் கோலப்பொடியை எடுத்தால் விரல்கள் மடங்கவில்லை. இரண்டு கைகளிலும் விரல்களின் அடிக்கணுக்கள் வீங்கி, தொட்டால் சுட்டன. எட்டரை ஒன்பது மணிக்குத்தான் கை வசத்துக்கு வரும். "பச்சைத் தண்ணீரில் பாத்திரம் தேய்த்ததனால் வந்த வாதம்" என்று அத்தான் தீர்ப்புச் சொன்னார். ஆனாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பரிசோதித்தார்கள். முடக்கு வாதம் என்று கண்டுபிடித்து, வாரத்துக்கு ஒரு முறை சாப்பிடும் மாத்திரை கொடுத்தார்கள். அந்த மாத்திரை அவளுக்கு வயிற்றைக் குமட்டியது. கூடத்து வாலிபரோ, "மாத்திரை ரத்தத்தைக் கெடுக்கும்; ஆறு மாதம் பாயில் படுங்கள், மாத்திரைக்கு அவசியமே இராது" என்றார். அக்கா எனக்குத் தொலைபேசியில் சொல்லி, "நீ படித்தவன், என்னடா சொல்லுகிறாய்?" என்று கேட்டாள். படித்தவன் என்ன சொன்னேன் என்பதைச் சற்றுப் பொறுத்துச் சொல்லுகிறேன். முதலில் அந்த வாலிபர் கூறியதில் எவ்வளவு மெய் என்பதைப் பார்ப்போம்.

வில்லியம் ஹார்வி என்ற ஆங்கில வைத்தியர் 1628-ம் ஆண்டில் ஒரு சிறு நூலை வெளியிட்டார். அதற்கு முன் ஏறக்குறைய 1,400 வருஷ காலமாக, ஈரலிலே ரத்தம் உற்பத்தியாகி, அங்கங்களுக்குச் சென்று, அங்கேயே செலவாகிவிடுகிறது என்னும் காலன் என்ற பண்டைய கிரேக்க வைத்தியரின் கொள்கைதான் ஐரோப்பாவில் வேதவாக்காக இருந்து வந்தது. ஹார்வி செய்தது பெரும்பாலும் கணக்குத்தான். இருதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தத்தை அரை மணி நேரத்துத் துடிப்புகளால் பெருக்கிப் பார்த்தார். தேகத்திலுள்ள ரத்தம் முழுவதையும்விட அதிகமான தொகை வந்தது. அரை மணிக்கு ஒரு முறை அவ்வளவு ரத்தத்தைப் புதிதாக உண்டாக்க எந்த ஈரலாலும் ஆகாது. ஆகையால் அதே ரத்தம்தான் சுற்றிச் சுற்றி வர வேண்டும் என்று முடிவு கட்டினார். தமனியிலிருந்து சிரைக்கு ரத்தம் எந்த வழியாகப் போகிறது என்பதை மட்டும் அவர் கண்ணால் காண முடியவில்லை. 1657-ல் அவர் காலமான பிறகு, 1661-ல் இத்தாலியரான மால்பிகி, தவளையின் நுரையீரலை நுண்நோக்கிக் கண்ணாடியில் பார்த்து, மயிரிழையிலும் மெல்லிய குழாய்களைக் கண்டறிந்தார்.

நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நம் இருதயம் நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. வளர்ந்த மனிதருடைய உடம்பில் உள்ள மொத்த ரத்தமும் ஏறத்தாழ அவ்வளவுதான். எழுந்து நன்றாக உழைத்தால் அது மூன்று நான்கு மடங்காகப் பெருகும். கால்களுக்கு இறங்கிய ரத்தம் மேலே ஏறி வருவதற்கு இருதயத்தின் தள்ளல் மட்டும் போதாது. அதற்காகச் சிரைகளில், மேலே விடும், கீழே விடாது என்ற ஏற்பாட்டில் சிறு கதவுகள் இருக்கின்றன. இந்தக் கதவுகளை வர்ணித்து 1603-ல் நூல் வெளியிட்ட பப்ரீசியஸ், பாடுவா சர்வகலாசாலையில் ஹார்விக்கு ஆசிரியராக இருந்தவர். நடக்கும்போது ஆடுசதை இறுகி இறுகித் தளர்வதனால், கதவுக்குக் கதவு ரத்தம் மேலே ஏற்றப்படுகிறது. ஆடுசதையை இரண்டாவது இருதயம் என்று வைத்தியர்கள் சொல்லுவது இதனால்தான். இந்த இரண்டாவது இருதயத்தை நாள் முழுவதும் நாற்காலியில் தொங்கவிட்டுவிட்டு, சாயங்காலம் அதற்கு ஒரு யந்திரம் தேடுகிறோம்!

இன்னொரு விஷயம் சமீப காலத்தில்தான் தெரிய வந்தது. ரத்தம் விரைந்து ஓடும்போது, குழாயின் உட்சுவர் அந்த உராய்வை உணர்ந்து, நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவைத் தானே சுரந்து, குழாயை விரித்துக் கொடுக்கிறது. இதற்கு அஸ்திவாரமான ஆராய்ச்சிகளைச் செய்த பர்ச்காட், இக்னாரோ, முராத் என்ற மூன்று அமெரிக்கர்களுக்கு 1998-ல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. அதாவது, ரத்த ஓட்டத்தைப் பெருக்கும் மருந்து நம்முடைய ரத்தக் குழாயிலேயே இருக்கிறது. அதைச் சுரக்கச் செய்வதற்கு ஓட்டமோ நடையோ வேண்டும்.

இனி, கார்டு எழுதிய நேயருக்குப் பதில் சொல்லலாம். நாற்பதாவது பிறந்த நாளன்று ரத்தம் சோர்ந்து உட்கார்ந்துவிடுவதில்லை. வயது ஏற ஏறத் தமனிகள் விறைப்பது உண்மைதான். எவ்வளவு விறைக்கும் என்பதோ புகையிலை, ரத்தக் கொதிப்பு, நீரிழிவு ஆகியவற்றையும், நம் கால்களின் உழைப்பையும் பொறுத்தது. ஜெர்ரி மாரிஸ் என்ற வைத்தியர் 1953-ல் லண்டன் நகரத்து மாடி பஸ் ஊழியர்களைப் பற்றிய ஆராய்ச்சியை வெளியிட்டார். நாள் முழுவதும் உட்கார்ந்து ஓட்டும் டிரைவர்களைவிட, மாடிப் படியில் ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. இரண்டு பேருக்கும் ஒரே பஸ், ஒரே புகை, ஒரே முதலாளி! பிற்பாடு, கம்பெனி தைத்துக் கொடுத்த கால்சட்டைகளின் இடுப்பளவையும் எடுத்துப் பார்த்தார்கள். டிரைவர்களுக்கே துணி அதிகம் பிடித்திருந்தது.

இதுவரையில் கூடத்து வாலிபருக்குச் சாதகமாகவே பேசிவந்திருக்கிறேன். ரத்த ஓட்டம் தேகத்துக்கு முக்கியம். வயதான காலத்தில் இன்னும் முக்கியம். ஆனால் மூட்டு வலிக்குக் காரணம் ரத்த ஓட்டக் குறைவுதான் என்று அவர் சொன்னாரே, அங்கேதான் தவறு நேர்ந்தது.

வேடிக்கை என்னவென்றால், அந்தத் தவறு வியாதியின் பெயரிலேயே ஒளிந்துகொண்டிருக்கிறது. இங்கிலீஷ் வைத்தியர்கள் 'ருமடிஸம்' என்கிறார்களே, அது 'ஓட்டம்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. தலையிலிருந்து கெட்ட நீர் ஒழுகி வந்து மூட்டுகளில் தங்கிவிடுவதாகப் பழைய கிரேக்கர்கள் நினைத்தார்கள். நம் நாட்டுச் சாஸ்திரத்தில் வாயுவின் கோளாறு என்று கொண்டு 'வாதம்' என்றார்கள். சரக ஸம்ஹிதை வாத விகாரங்கள் எண்பது என்று கணக்கிடுகிறது. ஒரே பெயரின் கீழ் எத்தனையோ நோய்கள் குடியிருக்கின்றன என்பதே இதிலிருந்து நாம் அறிய வேண்டியது. அவற்றுள் நம் வீடுகளில் அடிக்கடி காண்பவை இரண்டு.

ஒன்று மூட்டுத் தேய்வு. மாடிப்படி இறங்கும்போது முழங்கால் வலிக்கும்; உட்கார்ந்தால் தணியும். காலையில் எழுந்ததும் விறைப்பு இருந்தாலும் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். இங்கே கெட்டுப்போவது முக்கியமாக எலும்பு முனையில் உள்ள வழவழப்பான குருத்தெலும்பு. இந்தக் குருத்தெலும்பில் ரத்தக் குழாயே கிடையாது! ஒன்றல்ல, அரையல்ல, அடியோடு கிடையாது. மூட்டுக்குள் சுரக்கும் பசை நீரிலிருந்துதான் அதற்கு ஆகாரம். நாம் காலை ஊன்றும்போது குருத்தெலும்பு பஞ்சுபோல் அமுங்கி, தூக்கும்போது விரிந்து, அந்த நீரை உறிஞ்சிக் கொள்ளுகிறது. ஆகவே பாயில் படுத்தபடியே ரத்தத்தை ஆறாய்ப் பெருக்கினாலும் அது குருத்தெலும்பின் உள்ளே புகப் போவதில்லை. அதற்குச் சாப்பாடு போடுகிறவர் யாரென்றால், முழங்காலை மடக்கி நீட்டி நடக்கிறவர்தான்.

மற்றொன்று முடக்கு வாதம். ஆல்பிரட் காரட் என்ற ஆங்கில வைத்தியர் 1859-ல் இதற்கு 'ருமடாயிட் ஆர்த்ரைடிஸ்' என்று தனிப் பெயர் சூட்டினார். இது தேய்வினால் வருவதன்று. பகைவரை எதிர்ப்பதற்காக உடம்பு வைத்திருக்கும் காவற்படை, சொந்த மூட்டுகளின் உட்சவ்வையே பகையென்று எண்ணித் தாக்குவதனால் வருவது. புருஷர்களைவிட ஸ்திரீகளுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். இரண்டு கைகளிலும் சிறு மூட்டுகள் வீங்கும். காலை விறைப்பு ஒரு மணி நேரமானாலும் விடாது. இங்கே ரத்த ஓட்டம் குறைவா என்றால், இல்லவே இல்லை. வீங்கிய சவ்வினுள் புதிய ரத்தக் குழாய்கள் முளைத்துப் படர்கின்றன. ரத்தம் வழக்கத்துக்கு மேலாகவே பாய்கிறது. மூட்டு சுடுவதும் சிவப்பதும் அதனால்தான். எரிகிற அடுப்புக்கு விசிறி எதற்கு?

இதை நம் பழைய வைத்தியர்கள் அறியாதவர்கள் அல்ல என்பதைச் சொல்லாவிட்டால் குறையாகும். மாதவ நிதானம் என்ற நூல் 'ஆமவாதம்' என்று ஒன்றைத் தனியாகப் பிரித்துச் சொல்லுகிறது. எல்லா வாதத்துக்கும் எண்ணெய் தேய்த்த ஆயுர்வேத வைத்தியர்கள், இந்த ஆமவாதம் தீவிரமாக இருக்கும் சமயத்தில் எண்ணெய் ஆகாது என்றார்கள். வறண்ட மணலை மூட்டையாகக் கட்டி ஒற்றச் சொன்னார்கள். எல்லா வலிக்கும் ஒரே யந்திரம் என்று அவர்கள் சொல்லவில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

அக்கா கேட்டபோது நான் சொன்னது இதுதான்: "மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையென்றால் கொஞ்ச நாள் நிறுத்தித்தான் பாரேன்." அதோடு நில்லாமல், தினந்தோறும் கூடத்துக்கு நடப்பானேன் என்று, வீட்டிலேயே போட்டுக்கொள்ள ஒரு பாய் வாங்கப் பணமும் அனுப்பினேன். தொகையை இங்கே எழுதினால், என்னைப் பணக்காரன் என்று எண்ணி யாராவது கடன் கேட்கக் கூடும், ஆகையால் விட்டுவிடுகிறேன். தம்பியின் கடமையைச் செய்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை உண்டாயிற்று. கொஞ்ச நாள் என்றது ஒன்பது மாதமாயிற்று. பாயில் படுத்தால் வலி தணிகிறது என்றுதான் அவளும் சொல்லி வந்தாள். அது பொய்யும் அல்ல. வெப்பமும் ஓய்வும் வலியைத் தணிக்கத்தான் செய்யும். ஆனால் வலி தணிந்திருந்த அதே காலத்தில் உள்ளே தீ எரிந்துகொண்டிருந்தது.

அடுத்த தீபாவளிக்குப் போனபோது அவள் எனக்குக் காப்பி கொடுத்தாள். டம்ளரை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துக் கொண்டு வந்தாள். வலக் கையின் விரல்கள் சுண்டு விரல் பக்கமாகச் சாய்ந்திருந்தன. மறு வாரமே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றேன். எக்ஸ்ரே படத்தில், கணுக்களின் ஓரம் எலி கொறித்தாற்போல் இருந்தது. அரிக்கப்பட்ட எலும்பு திரும்ப வளர்ந்து பழையபடி ஆகாது என்றும், இனி அரிக்காமல் தடுக்க முடியும் என்றும் அந்த லேடி டாக்டர் சொன்னார். வியாதி ஆரம்பித்த முதல் சில மாதங்களே மிக முக்கியமானவை. அப்பொழுது மருந்தால் அடக்கிவிட்டால் பெரும்பாலோர் கை கால் கோணாமல் காலம் தள்ளிவிடலாம் என்று விளக்கினார். பிறகு, "மாத்திரையை நிறுத்தச் சொன்னது யார்?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டு, "யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் நிறுத்தினேன்" என்றாள்.

அந்த மாத்திரைக்கு மெத்தோட்ரெக்ஸேட் என்று பெயர். புற்றுநோய்க்காக வந்த மருந்து; அதைச் சிறு அளவில் வாரத்துக்கு ஒரே ஒரு நாள் கொடுத்தால் முடக்கு வாதம் அடங்குகிறது என்று கண்டு, 1988-ல் அமெரிக்க அரசாங்கம் இந்த நோய்க்கென அங்கீகாரம் அளித்தது. வாரத்துக்கு ஒரு முறை என்பதை மறந்து தினமும் சாப்பிட்டு உயிருக்கே ஆபத்து தேடிக்கொண்டவர்கள் உண்டு. ஈரலையும் ரத்த அணுக்களையும் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். குமட்டலுக்கு டாக்டரிடம் சொன்னால் போலிக் ஆஸிட் சேர்த்துக் கொடுப்பார்; அல்லது ஊசியாக மாற்றிக் கொடுப்பார். குமட்டுகிறது என்று தம்பிக்குத் தொலைபேசி செய்வதற்குப் பதிலாக டாக்டரிடம் போயிருந்தால் விஷயம் அன்றே முடிந்திருக்கும். மருந்தென்றால் ஜனங்கள் பயப்படுவதற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. 1948-ல் அமெரிக்காவில் ஹென்ச் என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும் கார்டிஸோன் ஊசியை ஒரு பெண்ணுக்குப் போட்டபோது, முடங்கிக் கிடந்தவள் சில நாட்களில் எழுந்து நடந்தாள். 1950-ல் நோபல் பரிசும் கிடைத்தது. பின்னரே அதை நெடுநாள் உபயோகித்தால் எலும்பு மெலியும், சர்க்கரை ஏறும் என்பதெல்லாம் வெளியாயிற்று. இன்று பேர் தெரியாத பொட்டலங்களில் 'மூலிகை' என்று விற்கப்படுகிற சில சூரணங்களில் இதே இன ஸ்டீராய்டு மருந்து ரகசியமாகக் கலந்திருப்பதைப் பரிசோதனைச் சாலைகள் கண்டுபிடித்திருக்கின்றன. மூன்றே நாளில் முழங்கால் வலியைப் பறக்கடிக்கும் பொடி கிடைத்தால், சந்தோஷத்துக்கு முன் சந்தேகம் வரட்டும்.

அப்படியானால் ஒத்தடமும் எண்ணெயும் வெந்நீரும் வீண்தானா? அப்படி யார் சொன்னது? மருந்து செய்ய வேண்டியதை மருந்து செய்யட்டும். பக்கத்தில் நின்று துணை செய்ய இவை இருக்கின்றன. 2006-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், மூட்டுத் தேய்வுள்ள 68 பேரில் ஒரு பகுதியாருக்கு எட்டு வாரம் உடம்பு பிடித்துவிட்டார்கள். பிடித்துவிடப்பட்டவர்களுக்கு வலியும் விறைப்பும் குறைந்தன. நம் வீட்டுச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு இது ஒரு சாட்சி என்று நான் வைத்துக்கொள்ளுகிறேன். வெதுவெதுப்பான நல்லெண்ணெயைத் தேய்த்து, வெந்நீர் விட்டுக்கொண்டால், தோலின் குழாய்கள் விரிகின்றன. இறுகிய தசைகள் தளர்கின்றன. அன்றைத் தூக்கமும் நன்றாக வருகிறது. உமி ஒத்தடம், உப்பு ஒத்தடம், நொச்சி இலையை வதக்கிக் கட்டுவது எல்லாம் தேய்ந்த முழங்காலுக்கு இதமானவை. கைவிரல் மூட்டுக்கு, உருக்கி இளஞ்சூட்டில் வைத்த மெழுகில் கையைத் தோய்த்தெடுக்கும் சிகிச்சையை ஆஸ்பத்திரிகளிலேயே செய்கிறார்கள். மெழுகை உரித்துவிட்டு அந்தச் சூடு ஆறுவதற்குள் விரல்களுக்கு அப்பியாசம் செய்தால் பலன் அதிகம். மெழுகோடு நிறுத்திக்கொண்டால் குறைவு.

தண்ணீரைப் பற்றி ஒரு புராணமே எழுதலாம். இங்கிலாந்தில் பாத் என்ற ஊரிலுள்ள வெந்நீர் ஊற்று 46 டிகிரி சூட்டில் பொங்குகிறது. ரோமானியர்கள் அதன்மேல் குளிக்கும் மாளிகை கட்டினார்கள். 1738-ல் அந்த ஊரில் வாதக்காரர்களுக்கு உதவும் ஓர் ஆஸ்பத்திரி ஸ்தாபிக்கப்பட்டது. ஜெர்மனியில் பவேரியாப் பகுதியைச் சேர்ந்த க்னைப் என்ற பாதிரியார் பனி ஈரம் படிந்த புல்லில் வெறுங்காலோடு நடக்கவும், வெந்நீரும் தண்ணீரும் மாற்றி மாற்றி விட்டுக்கொள்ளவும் கற்பித்து, 1886-ல் எழுதிய நூலால் பெரும் புகழ் அடைந்தார். கூனே என்ற மற்றொரு ஜெர்மானியரின் இடுப்பு ஸ்நானத்தில் காந்தியடிகளுக்கு மிகுந்த நம்பிக்கை உண்டு. 1946-ல் புனாவுக்கு அருகே உருளிகாஞ்சனில் ஏழைகளுக்காக இயற்கை வைத்திய நிலையத்தையும் அவர் தொடங்கினார். யந்திரமும் செலவும் இல்லாமல் கிராமத்தார் தாமே செய்துகொள்ளக் கூடியதாக வைத்தியம் இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். தண்ணீர் என்ன செய்கிறது என்றால், முதலில் பாரத்தைத் தாங்குகிறது. இடுப்பளவு நீரில் நின்றால் உடம்பின் எடையில் பாதிதான் காலில் இறங்கும். தரையில் பத்து அடி வைக்க முடியாதவர் நீரில் நூறு அடி வைக்கிறார். காவேரியில் தண்ணீர் வரும் மாதங்களில் படித்துறைக்குப் போகும் பாட்டிமார்களின் ரகசியம் இதுவாக இருக்கலாம்.

எடையைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது. தேய்ந்த முழங்கால் உடையவர் ஒரு கிலோ இளைத்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலின்மேல் விழும் பாரம் சுமார் நான்கு கிலோ குறைகிறது என்று 2005-ல் ஓர் ஆராய்ச்சி கண்டது. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான அடிகள் வைக்கிறோம். பெருக்கல் தெரிந்தவர்கள் பெருக்கிக் கொள்ளலாம். இதோடு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே காலை நேராக நீட்டி, பத்து எண்ணும் வரையில் நிறுத்தி இறக்கும் அப்பியாசத்தைச் செய்தால், முன் தொடைச் சதை பலமடைந்து முழங்காலைப் பிடித்துக் காக்கும். செலவு ஒரு காசும் இல்லை. ஒலிபெருக்கி வைத்து விற்பதற்கும் இதில் ஒன்றும் இல்லை. அதனால்தான் யாரும் விற்பதில்லை.

சில சமயங்களில் சூடும் தேய்ப்பும் தீங்கு செய்யும். நீரிழிவினால் பாதத்தில் உணர்ச்சி மங்கியவர்கள் வெந்நீர்ப் பையை வைத்துக் கொண்டு தூங்கி, கொப்புளித்த பிறகுதான் அறிகிறார்கள். சூட்டை மற்றவர் முழங்கையால் பார்த்துச் சொல்ல வேண்டும். இருதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் மின்காந்தப் பாய்களின் பக்கமே போகக் கூடாது. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, ஆடுசதை வலித்தால், அதை உருவிவிடவே கூடாது. உள்ளே சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் கட்டி நழுவி நுரையீரலை அடைத்தால் உயிர் போகும். கொஞ்ச தூரம் நடந்ததும் ஆடுசதை பிடித்திழுத்து, நின்றால் விட்டுவிடுகிறது என்பவர்களுக்கு மெய்யாகவே காலுக்கு ரத்தம் குறைவாக இருக்கலாம். இவர்களுக்குத்தான் 'ரத்த ஓட்டக் குறைவு' என்ற பெயர் பொருந்தும். இவர்களுக்குப் பாய் உதவாது. பீடி சிகரெட்டை விட்டொழித்து, டாக்டர் சொற்படி மருந்து சாப்பிட்டு, வலிக்கும் வரையில் நடந்து, நின்று, மறுபடி நடந்து பழக வேண்டும். குளிரில் விரல்கள் வெளுத்து, நீலமாகி, பிறகு சிவக்குமானால், 1862-ல் ரேனோ என்ற பிரெஞ்சு வைத்தியர் விவரித்த கோளாறாக இருக்கலாம்; அதையும் காட்டிவிடுவது நல்லது.

அக்கா இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் மாத்திரை சாப்பிடுகிறாள். மறந்துவிடாமல் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போடுகிறாள். வீக்கம் வடிந்துவிட்டது. காலை விறைப்பு பத்து நிமிஷத்தில் விடுகிறது. மகாமகக் குளத்தைச் சுற்றி நடக்கிறாள். சாய்ந்த விரல்கள் சாய்ந்தபடியேதான் இருக்கின்றன. இந்த மார்கழியில் அவள் பேத்தி கோலம் போட, இவள் பக்கத்தில் குந்தி, இடக் கையால் புள்ளி வைத்தாள். நான் வாங்கிக் கொடுத்த பாயின்மேல் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அத்தான் படுக்கிறார். தூக்கம் பிரமாதமாக வருகிறது என்கிறார், மின்சாரத்தைப் போடுவதில்லை.

திருநெல்வேலி நேயருக்கு: தாயாரின் விரல்களைக் காலை ஒன்பது மணிக்குத் தொட்டுப் பாருங்கள். வீக்கமும் சூடும் இருந்தால், பாய்க்கு வைத்திருக்கும் பணத்தில் முதலில் வாத நோய் நிபுணரிடம் அழைத்துச் செல்லுங்கள். கோயமுத்தூர் அம்மாளுக்கு: தங்கள் கணவருக்கு நீரிழிவு இல்லை, காலில் வீக்கமும் இல்லை, பேஸ்மேக்கரும் இல்லை என்றால் அவரையே வைக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் தாங்கள் ஒரு சுற்று நடந்துவிட்டு வரலாம்.